முடிவெடுக்காத நாட்களின் கணக்கு

இரவு ஒன்றரை மணிக்கு, போன் வெளிச்சத்தில், அதே மூன்று வரி மெயிலை எழுதி, அழித்து, திரும்ப எழுதி, அனுப்பாமலேயே மூடி வைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை மாறலாமா வேண்டாமா, படிப்பைத் தொடரலாமா விட்டுவிடலாமா, இந்த உறவில் இருக்கலாமா விலகலாமா என்று விஷயம் எதுவாக இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நாம் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். உள்ளே நாள் முழுக்க மூட்டை சுமந்த அலுப்பு. இப்படி ஒரு வழி இருக்கிறது, இன்னின்ன இடத்தில் கால் வழுக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் மாதங்கள் மிஞ்சியிருக்கும். தனியாகப் பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன். என் சொந்தக் கதை யாருக்கும் பயன்படாது. அந்த வழி எப்படிப் போகிறது என்பது பயன்படும். ஏறக்குறைய எல்லாருக்கும் அது ஒரே மாதிரிதான் போகிறது.

வேலை மாறுவதையே எடுத்துக்கொள்வோம். வேறு ஊரில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, பதில் சொல்ல 15 நாள் அவகாசம். முதல் சில நாட்கள் கஷ்டமாகவே இருக்காது. இரண்டு கதவும் திறந்திருக்கும்போது கையில் ஏதோ சொத்து இருப்பதுபோல ஒரு நிறைவு. காலையில் புது ஊரில் வாழ்ந்து பார்ப்போம், மாலையில் பழைய இடத்திலேயே பதவி உயர்ந்து பார்ப்போம். இரண்டு வாழ்க்கையும் நம்முடையதாகவே இருக்கும். பின்னால் வரும் துன்பத்துக்கெல்லாம் விதை இங்கேதான் விழுகிறது. முடிவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் மனசுக்கு ஒரு சின்னக் கூலி கிடைக்கிறது: இன்றைக்கு எதையும் இழக்கவில்லை என்ற நிம்மதி. கூலி கிடைக்கிற வேலையை மனசு விடாது. அதனால் அவகாசம் கிடைத்த அன்றைக்கே, கொடுக்கப்பட்ட கடைசி நாளுக்கு 5 நாள் முன்பாக உங்களுடைய சொந்தக் கடைசி நாளைக் குறித்துவிடுங்கள். மனசு நிதானமாக இருக்கும்போது குறித்த தேதிதான் பிற்பாடு பிடித்துக்கொள்ளக் கிடைக்கும் ஒரே கயிறு.

அடுத்து லிஸ்ட் வரும். ஒரு தாளில் நன்மை, தீமை. பிறகு அது ஸ்ப்ரெட்ஷீட் ஆகும். சம்பளம், தூரம், வளர்ச்சி, குடும்பம், மன அமைதி என்று ஆறு வரிசை இருந்தது பதினெட்டாகும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கூட்டினால் 71-க்கு 68 என்று ஏதோ ஒன்று வரும். வந்த விடை பிடிக்காமல் போகும். 'மன அமைதி'க்கு 6 போட்டிருந்ததை 8 ஆக்கத் தோன்றும். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த அட்டவணை முழுக்கச் சொல்லாத ஒரு செய்தியை, மதிப்பெண்ணைத் திருத்தப் போன உங்கள் விரல் சொல்லிவிட்டது. எந்தப் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று திருத்தப் போனீர்களோ அதைத் தனியாக ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று தடவை திருத்தினால் மூன்று தடவையும் எழுதுங்கள். மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அட்டவணையை மூடிவிடலாம்.

லிஸ்ட் போடுவதே தப்பு என்று சொல்லவில்லை. போடும் முறை ஒன்று இருக்கிறது. 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற வேதியியலாளர், தனக்கு வந்த ஒரு வேலையை ஏற்பதா வேண்டாமா என்று பெஞ்சமின் பிராங்க்ளினிடம் கேட்டார். பிராங்க்ளின் எழுதிய பதிலில் ஒரு நேர்மை இருக்கிறது. என்ன முடிவெடுப்பது என்று சொல்ல எனக்குப் போதிய விவரம் தெரியாது, எப்படி எடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்றார். அரைத் தாளின் நடுவே ஒரு கோடு. ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். ஒரே உட்காரலில் நிரப்பக் கூடாது. மூன்று நான்கு நாட்கள், தோன்றும்போதெல்லாம் இரண்டொரு சொல்லில் குறிக்க வேண்டும். காரணம், எல்லா எண்ணமும் ஒரே நேரத்தில் மனசுக்கு வருவதில்லை. இப்போது ஒரு கூட்டம் வருகிறது, அதைத் துரத்திவிட்டு இன்னொரு கூட்டம் வருகிறது. காலையில் போகலாம் என்றும் ராத்திரி வேண்டாம் என்றும் தோன்றுவது அதனால்தான். பிறகு எடை போட வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒன்றும் அந்தப் பக்கத்தில் ஒன்றும் சம எடை என்றால் இரண்டையும் அடித்துவிடுங்கள். ஒரு சாதகம் இரண்டு பாதகத்துக்குச் சமம் என்றால் மூன்றையும் அடியுங்கள். கடைசியில் எந்தப் பக்கம் மிச்சம் நிற்கிறதோ அதைப் பார்த்து, இன்னும் ஒன்றிரண்டு நாள் பொறுத்து, புதிதாக முக்கியமான எதுவும் தோன்றாவிட்டால் முடிவெடுத்துவிட வேண்டும். மொத்தம் ஒரு வாரத்துக்குள் முடிகிற வேலை இது. கூட்டல் கிடையாது என்பதால் மதிப்பெண்ணைத் திருத்தும் வாய்ப்பும் கிடையாது. இதில் நான் சேர்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று: மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, அதன் தலையில் 'ஒன்றும் செய்யாமல் இருந்தால்' என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து இதே நிலையில் இருந்தால் என்னென்ன கைவிட்டுப் போயிருக்கும் என்று அதில் வரட்டும். பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் கட்டம் இதுதான்.

இரண்டாம் வாரத்தில் தேடல் தொடங்கும். அந்த நிறுவனத்தைப் பற்றி, அந்த ஊரைப் பற்றி, அந்தத் துறையின் எதிர்காலத்தைப் பற்றிப் படித்துக்கொண்டே இருப்போம். பிரவுசரில் நாற்பது டேப் திறந்திருக்கும். உழைக்கிறோம் என்ற உணர்வு இருப்பதால் குற்ற உணர்ச்சியும் இருக்காது. இதற்கு ஒரு சோதனை உண்டு. ஒன்றைத் தேடும் முன் இரண்டு வரி எழுதுங்கள்: விடை இப்படி வந்தால் போவேன், அப்படி வந்தால் இருப்பேன். இரண்டு வரியும் ஒரே முடிவில் போய் நின்றால், அல்லது அந்த இரண்டு வரியை எழுதவே முடியாவிட்டால், அந்தத் தகவல் உங்களுக்குத் தேவையில்லை, ஆறுதலுக்காகத் தேடுகிறீர்கள். உண்மையில் முடிவை மாற்றக்கூடிய கேள்விகள் எந்த விஷயத்திலும் மூன்று நான்குக்கு மேல் இருப்பதில்லை. வேலை விஷயத்தில், யாருக்குக் கீழ் வேலை செய்யப் போகிறோம், முந்தைய ஆள் ஏன் போனார், வந்து ஒத்துப்போகாவிட்டால் திரும்பி வர வழி உண்டா என்ற மூன்றும் பெரும்பாலும் போதும். இந்த மூன்றுக்கும் விடை இணையத்தில் கிடைக்காது. ஒரு போன் செய்து கேட்க வேண்டும். அந்த போனைத் தவிர்ப்பதற்காகத்தான் நாற்பது டேப்.

பிறகு ஆட்களைக் கேட்போம். நண்பர், அண்ணன், பழைய மேலாளர், பக்கத்து இருக்கைக்காரர் என்று பத்துப் பேர் ஆகிவிடும். கேட்கக் கேட்கக் குழப்பம் கூடும். ஏனென்றால் ஒவ்வொருவரும் தங்களுடைய பழைய வருத்தத்திலிருந்து பதில் சொல்கிறார்கள். போகாமல் இருந்து வருந்தியவர் போ என்பார். போய் அடிபட்டவர் இரு என்பார். இருவரும் நம் நன்மைக்காகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது நம் கேள்விக்கான விடை இல்லை. மூன்று பேருக்கு மேல் கேட்காதீர்கள். அந்த மூவரிடமும் 'நான் என்ன செய்யட்டும்' என்று கேட்காதீர்கள். 'நீங்கள் போனபோது முதல் மூன்று மாதத்தில் எதிர்பாராமல் வந்த கஷ்டம் எது' என்பதுபோல, அவர்கள் கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள். தகவல் அவர்களிடமிருந்து வரட்டும், தீர்ப்பு உங்களிடம் இருக்கட்டும். ஒருவரிடம் ஏற்கெனவே கேட்ட அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்கிறோம் என்று தெரிந்தால் அங்கே நிறுத்திவிட வேண்டும். அது ஆலோசனையைக் கடந்து, பயத்துக்குத் தைலம் தடவிக்கொள்வதாக மாறிவிட்டது. அரை மணி நேரத்துக்கு இதமாக இருக்கும், பிறகு மறுபடி தேடும்.

இந்தக் கட்டத்தில் உடம்பு பேசத் தொடங்கும். தூக்கம் நடுவில் அறுந்துபோகும். சின்ன விஷயங்கள்கூட நிற்கும்: எந்தச் சட்டை, எந்த வழி, யாருக்கு முதலில் பதில். ஒரு பெரிய முடிவு தொங்கிக்கொண்டிருந்தால் அதைச் சார்ந்த பத்துச் சின்ன முடிவுகளும் கூடவே தொங்கும். ஊர் மாறுவோமா என்று தெரியாமல் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது, பிள்ளைக்குப் பள்ளி பார்க்க முடியாது, பல்வலிக்கு நீண்ட சிகிச்சை தொடங்க முடியாது. போன் அடித்தால் 'என்ன முடிவு பண்ணினே' என்று கேட்டுவிடுவார்களோ என்று எடுக்காமல் விடுவோம். அன்பானவர்கள்மேல் எரிச்சல் வரும், அதற்காக வெட்கமும் வரும். இந்த வெட்கம்தான் ஆளைத் தனிமைப்படுத்துகிறது. முடிவெடுக்கத் தெரியாதவன், கையாலாகாதவள் என்று நமக்கு நாமே பெயர் வைத்துக்கொள்வோம். அந்தப் பெயர் அடுத்த முடிவையும் சேர்த்து நிறுத்தும்.

நேரத்தையும் பணத்தையும் ஒரு முறை எண்ணிப் பார்ப்பது கசப்பாக இருந்தாலும் செய்ய வேண்டியது. ஒரு நாளைக்கு யோசனை, தேடல், பேச்சு எல்லாம் சேர்த்து 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவகாசம் கேட்டு நீட்டித்து 60 நாள் இழுத்தால் 120 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்குப் போட்டால் முழுசாக 15 நாள். மற்ற வேலைகளை அரை மனசோடு செய்ததில் போனது இதில் சேரவில்லை. பணம் போகும் வழிகள் வேறு: இரண்டு பக்கத்தையும் விடாமல் பிடிக்க இரண்டுக்கும் முன்பணம் கட்டி ஒன்றை இழப்பது, கடைசி நேரத்தில் கூடுதல் விலைக்கு டிக்கெட் எடுப்பது, பயன்படுத்தாத சந்தாவை 'ஒருவேளை தேவைப்படும்' என்று மாதாமாதம் கட்டுவது, புதுச் சம்பளம் வந்திருக்க வேண்டிய மாதங்கள் பழைய சம்பளத்தில் போவது. இந்தத் தொகையை ஒரு தாளில் எழுதி, இரண்டு வாய்ப்புகளுக்கும் உள்ள வித்தியாசத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல சமயம், எது நல்லது என்று கண்டுபிடிக்கச் செலவழித்தது, நல்லதற்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

கடைசியில் அந்த நாள் வரும், போகும். பதில் அனுப்பியிருக்க மாட்டோம். வேறு ஆளை எடுத்துவிட்டோம் என்று ஒரு மெயில் வரும். முதலில் வருவது பெரிய நிம்மதி. இதை யாரும் வெளியே சொல்வதில்லை, ஆனால் உண்மை. தூக்கம்கூட அன்றைக்கு நன்றாக வரும். வருத்தம் பிறகுதான் வருகிறது, வந்தால் நெடுநாள் இருக்கிறது. உளவியலாளர்கள் தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் இருவரும் 1990-களில் ஆராய்ந்து கண்டதும் இதுதான்: அண்மைக் காலத்தைக் கேட்டால் செய்த காரியத்துக்காக மக்கள் அதிகம் வருந்துகிறார்கள், வாழ்நாளைத் திரும்பிப் பார்க்கச் சொன்னால் செய்யாமல் விட்டதற்காக வருந்துகிறார்கள். செய்து தோற்றதற்கு ஒரு முடிவு உண்டு. செய்யாதது எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனைக்கு முடிவே கிடையாது.

முடிவு என்ற சொல்லை இங்கே கொஞ்சம் பார்க்க வேண்டும். தமிழில் தீர்மானத்துக்கும் கடைசிக்கும் ஒரே சொல். முடிவெடுப்பது என்றால் ஒன்றை முடித்துவைப்பது. துணிவு என்ற சொல் இன்னும் வெளிப்படை. துணிதல் என்றால் முடிவுசெய்தல், வெட்டுண்ணுதல் இரண்டும். வெட்டிய ஆடைத்துண்டுக்குத் துணி என்று பெயர். ஆங்கிலத்தின் 'டிசைட்' என்ற சொல்லும் லத்தீனில் வெட்டுவதைக் குறிக்கும் வேரிலிருந்துதான் வந்திருக்கிறது. ஆக, முடிவெடுக்க முடியாமல் தவிப்பவருக்குத் தேர்ந்தெடுப்பதில் சிக்கல் கிடையாது. வெட்டுவதில்தான் சிக்கல். புது ஊர் வேண்டும் என்று சொல்வது எளிது. பழைய ஊரில் நாம் ஆகியிருக்கக்கூடிய அந்த இன்னொரு ஆளை விட்டுவிடுகிறேன் என்று சொல்வதுதான் வலிக்கிறது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட கோட்பாட்டின் மையம், ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நஷ்டம் தரும் வலி பெரிது என்பது. அவர்களுடைய பிந்தைய அளவீட்டில் அது இரண்டு மடங்குக்குச் சற்று மேல் வந்தது. இரண்டு வாய்ப்பையும் மாறி மாறிப் பார்க்கும்போது, எதைப் பார்த்தாலும் மற்றது நஷ்டமாகத் தெரிகிறது. அதனால் இருந்த இடத்திலேயே இருக்கத் தோன்றுகிறது.

யோசனை மட்டும் போதும் என்றால், அதிகம் யோசிப்பவர் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. நரம்பியலாளர் அன்டோனியோ டமாசியோ 1994-இல் எழுதிய ஒரு நிகழ்ச்சி இது. நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி பாதிக்கப்பட்ட ஒரு நோயாளி. அறிவு, நினைவாற்றல், பேச்சு எல்லாம் சரியாக இருக்கிறது. உணர்ச்சி மட்டும் மங்கிவிட்டது. அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகள் கொடுக்கிறார்கள். அவர் நாட்குறிப்பைத் திறந்து, அந்த நாள் வேறு வேலை உண்டா, வானிலை எப்படி இருக்கும் என்று இரண்டு தேதிகளுக்கும் ஆதரவாகவும் எதிராகவும் காரணங்களை அடுக்குகிறார். ஏறக்குறைய அரை மணி நேரம். காரணங்களில் ஒரு பிழையும் இல்லை, நிற்கவும் இல்லை. கடைசியில் மருத்துவர் அமைதியாக, இரண்டாவது தேதியில் வாருங்கள் என்கிறார். சரி என்று உடனே நாட்குறிப்பை மூடிவிட்டுப் போகிறார். 'இது போதும்' என்று சொல்வது கணக்கின் வேலை இல்லை, உணர்ச்சியின் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவாக எதுவும் வேண்டாம். இரவெல்லாம் காரணங்களை அடுக்கிக்கொண்டிருப்பவர் இன்னும் நல்ல காரணத்துக்காகக் காத்திருக்கிறார். அது வராது.

நிற்கும் நிலை எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதுதான் பாதி சிக்கல். நம்மிடம் மூன்று சொற்கள் இருக்கின்றன: குழப்பம், ஊசலாட்டம், தயக்கம். மூன்றும் வேறு வேறு, மருந்தும் வேறு. எது எனக்கு என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி: எதிர்முனையில் உள்ளவர் இப்போதே போன் செய்து 'உங்களுக்கு அந்த இடம் கிடையாது' என்றால் என்ன உணர்வேன்? பதிலே தெரியவில்லை, அந்த இடம் எப்படிப்பட்டது என்றே சரியாகத் தெரியாது என்றால் குழப்பம். பாதி ஏமாற்றம், பாதி நிம்மதி, பரவாயில்லை என்று வந்தால் ஊசலாட்டம். வயிற்றில் திக்கென்று ஒரு இழப்பு தெரிந்தால், முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, இருப்பது தயக்கம்.

குழப்பத்துக்கு மருந்து தகவல், ஆனால் அளவோடு. மேலே சொன்ன இரண்டு வரிச் சோதனையில் தேறிய கேள்விகளை மட்டும், ஒரு தேதிக்குள். முடிந்தால் கேள்விக்கு விடை தேடுவதைவிடச் சின்னதாகச் செய்து பாருங்கள். ஊர் பிடிக்குமா என்று தெரியவில்லை என்றால் நான்கு நாள் அங்கே போய், சுற்றுலாப் பயணியாக இல்லாமல், வேலை நேரத்தில் பயணம் செய்து, மாலையில் அறைக்குத் திரும்பித் தங்கிப் பாருங்கள். படிப்பு ஒத்துவருமா என்று தெரியவில்லை என்றால் முதல் பாடத்தின் கடினமான பகுதியை ஒரு வாரம் படித்துப் பாருங்கள். குழப்பம் தீர்ந்ததும் அது பெரும்பாலும் மற்ற இரண்டில் ஒன்றாக மாறும். மறுபடி தேடத் தொடங்காதீர்கள்.

ஊசலாட்டத்தில் இருப்பவருக்குத்தான் நாள் அதிகம் வீணாகிறது, ஆனால் ஆபத்து மிகக் குறைவு. இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதால்தான் தராசு ஆடுகிறது. சமம் என்றால் எதை எடுத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. வித்தியாசம் குறையக் குறைய யோசிக்கும் நேரம் கூடுவதுதான் இதில் உள்ள கொடுமை. ஹெர்பர்ட் சைமன், 1978-இல் பொருளாதார நோபல் பெற்றவர், இதற்கு ஒரு வழி சொன்னார்: ஆகச் சிறந்ததைத் தேடாமல், போதுமானது எது என்று முன்கூட்டியே வரையறுத்து, அதைத் தொடும் முதல் வாய்ப்பை எடுத்துக்கொள்வது. நடைமுறையில் இப்படிச் செய்யலாம். வாய்ப்புகளைப் பார்க்கும் முன்பே நான்கு நிபந்தனைகளை எழுதி வையுங்கள், ஐந்தாவது கூடாது. நான்கையும் தொடுவது வந்தால் தேடலை நிறுத்துங்கள். ஆகச் சிறந்ததையே தேடுபவர்களுக்கு அது கிடைக்காமல் போவதில்லை. பட்டம் முடித்து வேலை தேடிய மாணவர்களைப் பற்றி 2006-இல் வெளியான ஒரு ஆய்வில், அப்படித் தேடியவர்கள் தொடக்கச் சம்பளம் 20 சதவீதம் அதிகம் வாங்கினார்கள். கிடைத்த வேலையில் திருப்தி மட்டும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது.

ஊசலாட்டத்துக்கு நாணயம் சுண்டிப் பார்ப்பதும் கேவலம் கிடையாது. பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட், வேலையை விடலாமா, உறவை முறிக்கலாமா என்று நின்றவர்களை இணையத்தில் நாணயம் சுண்ட வைத்தார், 20,000 தடவைக்கு மேல். பெரிய விஷயங்களில் மாற்றத்தைத் தேர்ந்தவர்கள் ஆறு மாதம் கழித்து, மாறாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். இதை வைத்து எல்லாரும் வேலையை விட்டுவிடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாணயம் சுண்டும் அளவுக்கு விளிம்பில் நின்றவர்கள் அவர்கள். அந்த விளிம்பில் நீங்களும் நிற்கிறீர்கள் என்றால் கவனிக்க வேண்டிய செய்தி. சுண்டும்போது நாணயம் காற்றில் இருக்கும் அந்த ஒரு நொடியில் எது விழ வேண்டும் என்று மனசு சொன்னால், விழுந்ததைப் பார்க்காமலேயே எடுத்துப் பையில் போட்டுவிடலாம்.

தயக்கம்தான் மூன்றிலும் கடினம். எது என்று தெரியும், கால் எடுத்துவைக்க முடியவில்லை. இங்கே இன்னும் யோசிப்பது கேடு. ஒவ்வொரு யோசனையும் பயத்துக்குப் புதுக் காரணம் கொடுக்கும். பயத்துக்குப் பெயர் வையுங்கள். 'போய் தோற்றுவிட்டால்' என்று பொதுவாக விடாதீர்கள். ஒரு வருடம் கழித்து இது தோற்றுப்போயிருக்கிறது என்று வைத்துக்கொண்டு, எப்படித் தோற்றது என்று பத்து வரி எழுதுங்கள். கேரி கிளைன் என்ற உளவியலாளர் திட்டங்களுக்காகச் சொன்ன முறை இது, சொந்த விஷயத்துக்கும் பொருந்தும். எழுதிய பத்தில் ஏழுக்கு முன்னேற்பாடு இருக்கும்: ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்குவது, பழைய இடத்தில் மனக்கசப்பு இல்லாமல் விலகுவது, அங்கே ஒருவரை முன்பே தெரிந்துவைத்துக்கொள்வது. மிஞ்சும் மூன்றைத் தாங்க முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி. பல சமயம் பயம் தோல்வியைப் பற்றியதாகவே இருக்காது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது, மேலாளர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற ஒரே ஒரு உரையாடலைப் பற்றியதாக இருக்கும். மூன்று மாத இழுபறி முழுக்கப் பத்து நிமிடப் பேச்சைத் தவிர்க்கத்தான் என்று தெரிய வரும்போது அழுகைகூட வரும். அந்தப் பேச்சின் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரண்டாவது வாக்கியம் தானாக வரும்.

எதில் நிதானம் வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரும்பி வர முடியாத முடிவுகள் உண்டு: அறுவை சிகிச்சை, சொத்தை எழுதிக்கொடுப்பது, குழந்தை. இவற்றில் தாமதம் தவறு கிடையாது, இன்னொரு மருத்துவரிடம் கேட்பது கடமை. திரும்பி வரக்கூடியவற்றை இவற்றின் தட்டில் வைத்து எடை போடுவதால்தான் வாழ்க்கை நின்றுபோகிறது. மூன்று மாதத்தில் மாற்றிக்கொள்ளக்கூடியது என்றால் மூன்று நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

முடிவெடுத்த பிறகு வரும் இரண்டு நாட்களைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. அனுப்பிய அன்று இரவே விட்டுவிட்ட பக்கம் திடீரென்று அழகாகத் தெரியும். தப்பு செய்துவிட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். வெட்டிய இடம் வலிக்கிறது, அவ்வளவுதான்; தவறான முடிவுக்கும் சரியான முடிவுக்கும் இந்த வலி ஒரே மாதிரிதான் வரும். அந்த இரண்டு நாளில் எதையும் திருப்பாதீர்கள். மறுபக்கத்தைப் பற்றிய டேப்களை மூடுங்கள், வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்களுக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தால் மனசுக்கு இதம் என்று தோன்றும், அது உண்மையில்லை. உளவியலாளர்கள் டேனியல் கில்பர்ட், ஜேன் ஈபர்ட் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், புகைப்பட வகுப்பு மாணவர்கள் தாங்கள் எடுத்த இரண்டு படங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட வேண்டியிருந்தது. சிலருக்கு அதுவே கடைசி. சிலருக்குச் சில நாட்கள் மாற்றிக்கொள்ள வாய்ப்பு. மாற்ற வாய்ப்பு இருந்தவர்களுக்குத்தான் தங்கள் படம் குறைவாகப் பிடித்தது. முழுக்க மூடிய கதவுக்குப் பிறகுதான் மனசு இருக்கும் இடத்தில் குடியேறுகிறது. மறுபரிசீலனை வேண்டும் என்றால் 90 நாள் கழித்து ஒரு தேதி போட்டு, ஏன் இந்த முடிவு எடுத்தேன் என்று ஐந்து வரி எழுதி அதனோடு வையுங்கள். நடுவில் சந்தேகம் வரும்போதெல்லாம், அந்தத் தேதியில் பார்க்கலாம் என்று தள்ளிவிடலாம். தள்ளிப்போடும் பழக்கம் உதவிக்கு வரும் இடம் இது ஒன்றுதான்.

இவை எதுவும் வேலை செய்யாமல் போகும் ஒரு நிலை உண்டு, அதைத் தெரியாமல் தன்னையே திட்டிக்கொண்டு கிடப்பவர்கள் நிறைய. முன்பெல்லாம் சாதாரணமாக முடிவெடுத்தவர், இப்போது எழுந்து குளிப்பதா வேண்டாமா என்பதில்கூட நிற்கிறார். பிடித்த எதுவும் பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய தினமும் இருக்கிறது என்றால் இது குணம் சார்ந்த விஷயம் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு, மனச்சோர்வு நோயின் ஒன்பது அறிகுறிகளில் ஒன்றாக முடிவெடுக்க முடியாமையைச் சேர்த்திருக்கிறது. தவறாகிவிடுமோ என்று பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுபோல ஒவ்வொரு முடிவையும் சரிபார்ப்பவருக்கு வேறு சிகிச்சை தேவைப்படலாம். லிஸ்ட் போட்டுத் தீராது; மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில், வேலையை விடுவது, உறவை முறிப்பது போன்ற பெரிய முடிவுகளை, முடிந்த இடத்திலெல்லாம், சிகிச்சை தொடங்கித் தெளிவு வரும்வரை ஒத்திப்போடுவது நல்லது. பாதுகாப்புக்காக உடனே விலக வேண்டிய இடம் என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'ஏதாவது ஒரு முடிவுக்கு வாயேன்' என்ற வாக்கியத்தை, முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்கள் ஏற்கெனவே தங்களுக்குத் தாங்களே ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது. அவர்களுக்காக நீங்கள் முடிவெடுத்துக் கொடுத்தாலும் அடுத்த முறைக்கு அது உதவாது. மூன்றில் எது என்று கேளுங்கள்: தெரியவில்லையா, இரண்டும் ஒன்றாகத் தெரிகிறதா, தெரிந்தும் பயமா? மூன்றாவது என்று பதில் வந்தால் வேறு எதுவும் பேச வேண்டாம். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, 'நான் இங்கேயே இருக்கேன், அந்த மெயிலை இப்ப அனுப்பு' என்று சொல்லி, அனுப்பும்வரை எழுந்துபோகாமல் இருங்கள்.